சம்பளம் வாங்காத முதலாளி

அத்தியாயம் 6

கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது நாச்சிமுத்து ஒரு விசைத்தறிக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்திருந்தார். சட்டென்று நிமிர்ந்ததில் உச்சந்தலை இரும்பில் ணங்கென்று மோதியது. தலையில் நாலு முடி இருப்பதன் பயன் இந்த மாதிரி சமயத்தில்தான் தெரியும். அவருக்கு அந்த நாலும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

"காத்துல சாத்தியிருக்குமுங்களா அம்மணி?" என்று தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"காத்து கதவச் சாத்துமுங்ணா. சாத்திப்போட்டு வெளியிலிருந்து கட்டாது," என்றாள் சத்யபிரியா.

அவள் அதற்குள் பின்பக்கக் கதவருகே போய் நின்றிருந்தாள். இரட்டைப் பலகை இரும்புக் கதவு. தள்ளிப் பார்த்தால் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகியது, அதற்கு மேல் ஒரு நூல்கூட அசையவில்லை. வெளியே கொண்டிகள் இரண்டையும் சேர்த்து எதையோ போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். முன்பக்க ஷட்டரில் பூட்டு தொங்கியதை வரும்போதே பார்த்தாயிற்று. மேலே தகரக் கூரையை ஒட்டிச் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருந்தன. பூனை போகலாம், நாச்சிமுத்து போக முடியாது.

சத்யபிரியாவுக்கு நாற்பது வயது. லாரி விபத்துகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் போய்ப் பார்த்துக் கொண்டிருந்தவள். தானாக எரிந்த லாரி எது, சொந்தக்காரரே கொளுத்திய லாரி எது என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று சேலத்தில் பேர் வாங்கியபின், துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் தனியாகத் திறந்துவிட்டாள். நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருபது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இடுப்பு வலியோடு திரும்பி வந்தவர். இப்போது அவளுக்குக் கார் ஓட்டுகிறார், உதவியாளராகவும் இருக்கிறார். இடுப்புக்கு ஓய்வு கொடுத்தவர் வாய்க்கு மட்டும் கொடுக்கவே இல்லை.

"போன எடுத்து செல்லியம்மாளக் கூப்புடுங்க அம்மணி. நம்மள இங்க அனுப்பிச்சதே அந்தம்மாதானுங்களே."

"அவங்க இந்நேரம் மில்லுல முதலாளி முன்னாடி உக்காந்திருப்பாங்க. நம்ம பேரு அங்க போன்ல வந்துச்சுன்னா அவங்க பொழப்பு போச்சு."

"அப்ப போலீஸக் கூப்புடுவோம்."

"கூப்புட்டு? அடுத்தவங்க ஷெட்டுக்குள்ள திருட்டுத்தனமா பூந்துட்டோம், வந்து காப்பாத்துங்கன்னு சொல்றதுங்களா?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். சொன்னால் போலீஸ் நிச்சயம் வரும். காப்பாற்றுமா என்பதுதான் சந்தேகம்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஜலகண்டாபுரம் முழுவதும் அன்று கரண்ட் இல்லை. மற்ற நாளில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாத ஊர் அது. அன்றைக்கு ஊரே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏரிக்கரையில் எருமை ஒன்று கனைத்ததுகூடத் தெளிவாகக் கேட்டது. கூரையிலிருந்து இறங்கிய வெக்கையில் நாச்சிமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மூணு மணிக்குக் கூட்டமுங்க அம்மணி. நாம இங்கயே வெந்துட்டிருந்தா அந்தம்மா அங்க என்ன பண்ணும்?"

அவருக்கு அதுதான் பெரிய கவலை. வெக்கையை அவர் தாங்குவார். ராஜஸ்தானில் ரிக் வண்டி மேல் படுத்து உறங்கியவர்.

செந்தூரி டவல்ஸ் விவகாரம் இதுதான். போன வருஷம் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, முதலாளி மோகன்குமார் தொழிலாளிகள் அத்தனை பேரையும் தறிக்கூடத்தில் கூட்டினார். இன்று முதல் நான் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கப் போவதில்லை, ஏரிக்கரை ஷெட்டில் உள்ள எட்டுத் தறிகளையும் நிறுத்துகிறேன், கம்பெனி எழுந்து நிற்கிற வரைக்கும் நீங்கள் பாதிக் கூலிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கைகூப்பினார். காரை விற்றார். மொபெட்டில் வந்தார். மதியம் தூக்குவாளியைத் திறந்து தொழிலாளிகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்மதம் என்று முதலில் கையைத் தூக்கியவர் பாவு பிணைக்கிற செல்லியம்மாள். அவர் தூக்கியதைப் பார்த்துத்தான் மற்ற அறுபது கைகளும் மேலே போயின.

அந்தச் செல்லியம்மாள்தான் போன வாரம் பஸ் ஏறிச் சேலத்துக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பாதிக் கூலியில் காலம் தள்ள முடியாமல், நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் தேவிப்ரியாவை நடுவில் நிறுத்தியதைச் சொன்னார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு வருசமா சம்பளமே வாங்காதவரு ஊட்டுல எப்படிங்க சாமி அடுப்பு எரியுது?"

சத்யபிரியா அன்றைக்கே வழக்கை எடுத்துக்கொண்டாள். இன்று மூன்று மணிக் கூட்டத்தில் முதலாளி இன்னும் ஒரு வருஷம் கேட்கப் போகிறார். செல்லியம்மாள் கை தூக்குவதா வேண்டாமா என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும். மூடிக் கிடக்கிற ஏரிக்கரை ஷெட்டின் பின்கதவுக்குப் பூட்டு இல்லை என்று காலையில் போனில் சொன்னவரும் அவர்தான்.

"அண்ணா, வெந்தது போதும், இங்க வாங்க. இந்தத் தறியப் பாருங்க."

சத்யபிரியா வரிசையில் முதல் தறியின் முன்னால் நின்றிருந்தாள். துளைகளின் வழியே விழுந்த வெளிச்சத்தில் தறியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தெரிந்தன. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தாலும் குங்குமம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"பொட்டுங்க," என்றார் நாச்சிமுத்து. "ஆயுத பூசைக்கு வெச்சது. எங்க ரிக்குக்கும் வெப்போம். ஸ்பேனருக்கு வெப்போம். ஒருக்கா மேனேஜர் ஏமாந்து நின்னாரு, அவருக்கும் வெச்சுட்டோம்."

"இந்த வருச ஆயுத பூசை எப்ப போச்சு?"

"போன மாசமுங்க."

"ஷெட்ட மூடினது?"

"போன வருசம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அட."

"கடைசி ரெண்டு தறிகளையும் பாருங்க."

நாச்சிமுத்து போய்ப் பார்த்தார். அந்த இரண்டும் எலும்புக்கூடாக நின்றன. மோட்டார் இல்லை, பட்டை இல்லை. மற்ற தறிகளுக்கு உதிரிப் பாகம் வேண்டி உரித்துவிட்டிருந்தார்கள். அந்த இரண்டிலும் பொட்டு இல்லை.

"ஓடற தறிக்கு வெச்சிருக்காங்க, செத்த தறிய விட்டுட்டாங்க," என்றாள் சத்யபிரியா. "நம்ம ஊர்ல எதை வேணா மறைப்பாங்கண்ணா. பில்ல மறைப்பாங்க, சரக்க மறைப்பாங்க. வேலைக்கு உள்ளூர் ஆளுக்குப் பதிலா தம்மம்பட்டிப் பக்கமிருந்து வேன்ல ஆள் கொண்டாந்து எறக்குவாங்க. சுத்தியும் தறி ஓடற ஊர்ல கூட ஆறு தறி ஓடினா யாருக்குங்க கேக்கும்? ஆனா வருசம் பூரா சோறு போடற மெஷினுக்குப் பூசையன்னிக்குப் பொட்டு வெக்காம இருக்க மட்டும் ஒருத்தருக்கும் மனசு வராது."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். இந்த அம்மணியோடு சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னமும் அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை.

"அப்ப மொபெட்டு, தூக்குவாளி, தரைல சாப்பாடு எல்லாம்?"

"சாப்பாடு நெசந்தாங்ணா. சம்பளம் வாங்காததும் நெசமாத்தான் இருக்கும். அத வேற பேர்ல, வேற வழியா எடுத்திருப்பாரு."

அவள் தறியில் பாதி நெய்து நின்ற துண்டின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு மூலையில் கழிவுத் துணி குவிந்து கிடந்த இடத்துக்குப் போய், ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்பதால் அவர் கேட்கவும் இல்லை.

"இதையெல்லாம் போய்ச் சொல்றதுக்கு மொதல்ல வெளிய போகோணும்," என்று நாச்சிமுத்து கதவுக்குத் திரும்பினார். "டாக்டர் பேச்சக் கேட்டுப் பீடிய விட்டது தப்புங்க அம்மணி. தீப்பெட்டி இருந்திருந்தா கட்டுன நூலப் பொசுக்கியிருக்கலாம்."

"பஞ்சு ஷெட்டுக்குள்ள தீக்குச்சி கிழிச்சா, கதவு தொறக்கறதுக்கு முந்தி நாம புகையா வெளிய போயிருப்போமுங்ணா."

அவர் முனகிக்கொண்டே தோளால் பலகையை முட்டி, கிடைத்த இடைவெளியில் இரண்டு விரல்களை நுழைத்தார். நுனி விரல் கட்டைத் தொட்டது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய பஞ்சு நூல். முடிச்சைத் தேடிப் பிடிப்பதற்குள் விரல் மரத்துப்போனது. வெளியே இழுத்தபோது தோல் உரிந்து எரிந்தது. விரல் நுனி சாம்பல் நிறமாக இருந்தது.

"துருப் புடிச்ச கதவு," என்று வேட்டியில் துடைக்கப் போனார்.

சத்யபிரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துரு செவப்பா இருக்குமுங்ணா. இது சாம்பல்." அவள் அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அடுப்புச் சாம்பல். நல்லா சலிச்ச சாம்பல்."

"நூல்ல சாம்பல் எப்படிங்க வரும்?"

"தறியில நீளவாக்குல ஓடற பழைய பாவு நூல் தீந்துபோனா புதுப் பாவு எப்படிச் சேப்பாங்க? ஒவ்வொரு இழையா எடுத்துப் பழைய இழையோட வெச்சு முறுக்குவாங்க. ஆயிரக்கணக்குல முறுக்கோணும். வெரல் வழுக்காம இருக்கறதுக்குச் சாம்பல் தொட்டுக்குவாங்க. பாவு பிணைக்கிறவங்க இடுப்புல எப்பவும் ஒரு டப்பா இருக்கும். நூலக் கைல எடுத்தா வெரல் தன்னால அந்த டப்பாவுக்குள்ள போயிரும். கதவக் கட்டறதா இருந்தாலும் சரி."

நாச்சிமுத்துவுக்கு அது மண்டையில் இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. இந்த ஷெட்டுக்கு அவர்கள் வருவது தெரிந்த, பாவு பிணைக்கிற ஆள் ஒரே ஒருவர்தான்.

"இல்லீங்க அம்மணி. அந்தம்மா அப்படிப் பண்ணாது. பெத்த புள்ளையோட படிப்பையே நிறுத்திப்போட்டு வந்து நம்மகிட்ட அழுதுச்சு."

சத்யபிரியா போனை எடுத்துச் செல்லியம்மாளின் எண்ணை அழுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு செல்போன் மாரியம்மன் பாட்டு பாடியது. யாரோ அதை அவசரமாக அமுக்கினார்கள். ஊர் அமைதியாக இருந்ததால் அமுக்கியபின் அந்த ஆள் விட்ட மூச்சும் கேட்டது.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வருத்தம் வந்தது. சினிமாவில் வில்லன் கதவைச் சாத்தினால் கத்தலாம், உதைக்கலாம். கேஸ் கொடுத்தவரே சாத்தினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"செல்லியம்மா," என்றாள் சத்யபிரியா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில். "கூட்டத்துக்குப் போகாம இங்கயே உக்காந்திருக்கீங்களே, ஏனுங்க?"

கதவின் அடியிலிருந்து பதில் வந்தது.

"போகத்தானுங்க எந்திரிச்சேன். காலு வரலீங்க."

"என்ன நடந்துச்சு?"

"நேத்து உங்க காரு மில்லு கேட்டுல நின்னத வாட்ச்மேன் போய்ச் சொல்லிட்டானுங்க. நான் உங்களுக்குப் போன் பண்ணுன கொஞ்ச நேரத்துல மொதலாளி கூப்புட்டு உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்தாருங்க." செல்லியம்மாளின் குரல் தட்டையாக இருந்தது. அழுது முடித்த குரல். "எல்லாத்தையும் அவரே சொல்லிப்போட்டாருங்க சாமி. ஏரிக்கரைல ஆறு தறி ஓடுது, என்ற சம்சாரம் கிருத்திகா பேர்ல, வெளியூரு பார்ட்டிக்கு ஓட்டறேன். நீ இதக் கூட்டத்துல சொன்னீன்னா மில்ல மூடிப்போடுவேன். எனக்கு அந்த ஆறு தறி இருக்குது, நான் பொழச்சுக்குவேன். உன்ற பேச்சக் கேட்டுக் கை தூக்குன அறுவது குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும், அந்தப் பாவம் உனக்குத்தான், அப்படீன்னாரு."

நாச்சிமுத்து கதவிடம் இன்னும் நெருங்கி நின்றார்.

"நீங்க கூட்டத்துல வந்து ஒடச்சுப் பேசிருவீங்கன்னு பயந்துட்டேனுங்க. மூணு மணி தாண்டுனதும் அவுத்து உட்டுரலாம்னு கட்டினேன். சொன்னாலும் அவிங்க பட்டினி, சொல்லாட்டியும் பட்டினி. நான் என்னதானுங்க பண்ணட்டும்?"

சத்யபிரியா கையில் வைத்திருந்த துணியை நீளமாக மடித்துக் கதவு இடைவெளியில் செருகினாள்.

"இதப் புடிங்க. கரையப் பாருங்க."

துணி மெல்ல வெளியே போனது. ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் எழும்பிப் பறக்கும் சத்தம் கேட்டது.

"பச்சையும் மஞ்சளும்," என்றார் செல்லியம்மாள்.

"அது யாரோட கரைங்க?"

"எங்க மில்லுதுங்க. ஒவ்வொரு மில்லுக்கும் ஓரத்துல ஒரு அடையாள நூல் உண்டு. இது எங்களுது." குரல் நின்றது. மறுபடி வந்தபோது அதில் வேறு ஏதோ இருந்தது. "வெளியூரு பார்ட்டிக்குன்னாருங்களே."

"உள்ள ஆறு தறியிலயும் அதே கரைதாங்க ஓடுது. உங்க மில்லு நூலு, உங்க மில்லு பாவு, உங்க மில்லு ஆர்டர். அங்க உங்களுக்கு வேலை கொறைச்சல்னு பாதிக் கூலி. அந்த வேலைய இங்க கொண்டாந்து மொதலாளியம்மா பேர்ல முழுக் கூலிக்கு ஓட்டறாரு. முதலாளிச் சம்பளம்னு வாங்கறத விட்டுட்டு, முதலாளி சம்சாரத்துக்கு நெசவுக் கூலின்னு வாங்கிக்கறாரு. செல்லியம்மா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. பெரிய மில்ல மூடினா இந்த ஆறு தறிக்கு எங்கிருந்து நூல் வரும்?"

வெளியே துணியை மறுபடி விரிக்கிற சத்தம் கேட்டது.

"அவரால மூட முடியாதுங்க," என்றாள் சத்யபிரியா. "உங்கள எந்தக் கயித்துல கட்டியிருக்காரோ, அதே கயித்துல அவரும் மாட்டியிருக்காரு. அவரு அதச் சொல்லாம உட்டுட்டாரு, அவ்வளவுதான்."

நாச்சிமுத்து காதைக் கதவில் வைத்தார். கதவு அசையவில்லை. அந்தம்மாள் எழுந்து போய்விட்டாரோ என்றுகூட நினைத்தார். பிறகு கொண்டியில் விரல்கள் வேலை செய்கிற சத்தம் கேட்டது. கட்டியதைவிட அவிழ்ப்பதற்கு நேரம் ஆனது.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. செல்லியம்மாள் ஒல்லியாக, நெற்றியில் வேர்வையோடு நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாச்சிமுத்துவின் உரிந்த விரலைப் பார்த்தார், தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டத்துல பேச வேண்டாமுங்க," என்றார். "அவிங்க என்ற பேச்சக் கேட்டுத்தான் கை தூக்குனாங்க. நானே பேசிக்கறேன். பின்னாடி வந்து நில்லுங்க, போதும்."

தறிக்கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மோகன்குமார் பேச்சின் முடிவுக்கு வந்திருந்தார். கசங்கிய வெள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கரண்ட் இல்லாததால் மைக்கும் இல்லை, அந்த மெல்லிய குரலைக் கேட்க எல்லோரும் முன்னால் நகர்ந்து, தறிகளின் இடையிலும் நடைபாதையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மனிதர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நாச்சிமுத்துவே ஒரு கணம் சொல்லியிருப்பார்.

"இன்னும் ஒரு வருசம்," என்றார் மோகன்குமார். "நானும் ஒரு ரூபா தொடமாட்டேன். உங்களையும் அதையேதான் கேக்கறேன். சம்மதம்னா கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. எல்லாத் தலைகளும் செல்லியம்மாளைத் தேடித் திரும்பின. மோகன்குமாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தவரின் சிரிப்பு.

செல்லியம்மாள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாமி, நீங்க எங்களுக்காகப் பட்ட கஷ்டம் போதுமுங்க," என்றார். குரல் கூடத்தின் கடைசி வரை கேட்டது. "இந்த மாசத்துலருந்து உங்க சம்பளத்த முழுசா வாங்கிக்கோங்க. நாங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம். எங்களுக்கும் முழுக் கூலி குடுத்துருங்க. ஏரிக்கரைல அம்மா பேர்ல ஓடுதே ஆறு தறி, அந்த வேலைய மட்டும் இங்க கொண்டாந்துருங்க, சாமி. நம்ம வேலை நம்மகிட்டயே இருக்கட்டும்."

மோகன்குமாரின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

"நாங்கூட இத இன்னிக்குக் காலைல தெரிஞ்சும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன்," என்று செல்லியம்மாள் மற்றவர்களிடம் திரும்பினார். "அதுக்கு என்னைய அப்பறமா என்ன வேணாலும் கேளுங்க."

அவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நடுவரிசையில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் கிழவர் ஒருவர் தரையில் கையூன்றி எழுந்தார்.

"எந்த ஆறு தறிங்க மொதலாளி?" என்றார், மரியாதையாகத்தான்.

மோகன்குமார் வாசலைப் பார்த்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.